மூலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜேர்மன் பிள்ளை

என் வயதுக்காரர்களே, நம்முடைய கைபேசிக் குழுவில் இரண்டு கிழமையாக நடக்கும் சண்டையை நான் வாய் திறக்காமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பிள்ளையை எந்தத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பது என்ற சண்டை. எந்தப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகம், எந்தப் பள்ளியில் அரசாங்க உதவியில் வாழும் குடும்பங்கள் அதிகம், எந்தத் தெருவுக்கு வீடு மாறினால் எந்தப் பள்ளி கிடைக்கும், எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள். முழங்கால் வலிக்கு என்ன தைலம் நல்லது என்று கேட்கும் வயதில் இருக்கிறோம். பிந்திப் பிள்ளை பெற்றவர்கள், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் தேடுகிறோம். ஆனால் இந்த விஷயத்தில் நம் அப்பாமார் நின்ற இடத்தில்தான் நாமும் நிற்கிறோம். அவர்களிடம் இந்தக் கைபேசி இல்லை, அவ்வளவுதான். என் அப்பா தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று கண்ணாலேயே பார்த்து முடித்தார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நொய்கெல்ன் என்ற நகரப் பகுதியில் ஓர் இலையுதிர் காலம். அடுத்த கோடை முடிய நான் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். எங்கள் வீடு தெருவைப் பார்த்த கட்டடத்தில் இல்லை. முற்றத்தைத் தாண்டி, பின்கட்டடத்தில் மூன்றாம் மாடி. படியேறும்போதே யார் வீட்டில் என்ன சமையல் என்று மூக்குச் சொல்லிவிடும். முதலாம் மாடியில் கோப்பியும் நிலக்கரி அடுப்புப் புகையும், இரண்டாம் மாடியில் பொரித்த கத்தரிக்காய், மூன்றாம் மாடியில் எங்கள் கறித்தூள். அதை வாசனை என்று சொல்வது நம் பெருந்தன்மை. மற்ற மாடிக்காரர் வேறு பெயர் வைத்திருப்பார்கள். நான்காம் மாடியில் என் தோழியின் வீட்டில் எள்ளும் காய்ந்த இலைத்தூளும் தூவிச் சுடும் ரொட்டி மணக்கும்.

தோழியின் குடும்பம் லெபனானிலிருந்து வந்தது. அவளுடைய அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, என் அம்மாவுக்கு அரபு தெரியாது, இருவருக்கும் ஜேர்மன் அரைகுறை. ஆனாலும் அவர்களிடையே ஒரு வாளி இருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. வெள்ளைக் கைபிடியில் உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். மேல்வீட்டுக் குசினி யன்னல் எங்கள் குசினி யன்னலுக்கு நேர் மேலே. சுடுநீர்க் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் வாளி இறங்கும். ரொட்டி கீழே வரும், வடையும் உறைப்புக் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் மேலே போகும். வெங்காயம், தைலம், தையல் ஊசி, ஒருமுறை காய்ச்சலில் கிடந்த எனக்காக ஓர் ஆமைக் குட்டி பொம்மை, எல்லாம் அந்த வாளியில் பயணம் செய்தன. வாளி இறங்கும்போது சுவரில் இடித்து எழுப்பும் 'டொக் டொக்' சத்தம் கேட்டால், எந்த விளையாட்டையும் விட்டுவிட்டு யன்னலுக்கு ஓடுவேன். இன்றைக்கும் யாராவது சுவரில் எதையாவது இடித்தால் எனக்கு வாய் ஊறும்.

தோழியும் நானும் பேசியது ஜேர்மன். வேறு மொழி எங்களுக்குப் பொதுவாக இல்லை. அவளுக்கு மூன்று அண்ணன்மார். அவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டு வந்த சொற்களை அவள் படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குத் தருவாள். நல்ல சொல், கெட்ட சொல் என்று பிரித்துத் தருகிற வழக்கம் அவளிடம் இல்லை. நாங்கள் இருவரும் மூலைப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து போவதென்று எப்போதோ முடிவு செய்துவிட்டோம். ஒரே மேசை, அவளுக்கு யன்னல் பக்கம், எனக்கு நடைபாதைப் பக்கம். எங்கள் தெருவுக்கு உரிய பள்ளி அதுதான். வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

பெரியவர்கள் இதற்கு ஒரு வில்லங்கம் கொண்டு வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

வில்லங்கம் மாமா வடிவில் வந்தது. அப்பாவோடு அகதிமுகாமில் ஒரே அறையில் இருந்தவர். நகரத்தின் தெற்கு ஓரத்தில் தோட்டத்தோடு வீடு வாங்கிவிட்டார். வீடு வாங்கியதிலிருந்து எல்லா விஷயத்திலும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் குடித்துக்கொண்டே, பிள்ளையை எங்கே விடப்போகிறாய் என்று கேட்டார். மூலைப் பள்ளிக்கூடம் என்று அப்பா சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அங்கே துருக்கிப் பிள்ளைகளும் அரபுப் பிள்ளைகளும்தான், மருந்துக்கும் ஒரு ஜேர்மன் பிள்ளை இல்லை, பிறகு எங்கிருந்து மொழி வரும் என்று விளக்கினார். கால்வாய்க்கு அப்பால் ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே எல்லாம் ஜேர்மன் பிள்ளைகள், அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தால் இடம் கேட்கலாம் என்றார்.

அம்மா அப்போது குசினியிலிருந்து, "மேல்வீட்டுப் பிள்ளையும் மூலைப் பள்ளிக்கூடம்தானே, ரெண்டும் சேர்ந்து போய் வரும்" என்றார்.

மாமா போன பிறகுதான் அப்பா பதில் சொன்னார். இத்தாலிய உணவகம் ஒன்றின் குசினியில் அவருக்கு வேலை. எட்டு வருடமாகத் தக்காளிக் குழம்பு கிண்டிக் கிண்டி அவரிடம் குசினி ஜேர்மன்தான் இருந்தது. எந்த அலுவலகத்தில் டெர்மின் என்று நாளும் நேரமும் குறித்தாலும் மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போவார். "உமக்கு விளங்கேல்லை," என்றார் அம்மாவிடம். "ஒவ்வொரு கந்தோரிலயும் நான் வாய் பேசாதவன் மாதிரி நிக்கிறன். என்ர பிள்ளை அப்பிடி நிக்கக்கூடாது. ஜேர்மன் பிள்ளையள் இருக்கிற இடத்தில இருந்தால்தான் அந்தப் பாஷை வரும்."

அந்தக் குரலை இப்போது நினைக்கும்போது எனக்கு அப்பா மேல் கோபம் வருவதில்லை. அன்றைக்கு நிறைய வந்தது. படிக்கட்டில் போய் உட்கார்ந்து தோழியிடம் சொன்னேன். அவள் அண்ணன்மாரிடம் வாங்கிய ஒரு சொல்லை எடுத்து மாமாவுக்கு வைத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

அப்பா யார் சொன்னாலும் கேட்டுவிட்டு நடந்துவிடுகிறவர் அல்ல. தானே போய்ப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை உணவகத்துக்கு விடுமுறை. அடுத்த திங்கள் என்னையும் கூட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்குக் கிளம்பினார். கையில் ஆளுக்கொரு பிரெட்சல், உப்புத் தூவிய முறுக்கு ரொட்டி. முதலில் மூலைப் பள்ளிக்கூடம். எதிர்ப்பக்கத்தில், உதிர்ந்த இலைக் குவியலுக்குள் கால் புதைய நின்றோம். மணி அடித்தது. பிள்ளைகள் கறுத்த தலைகளோடு, சுருண்ட தலைகளோடு, கூச்சலோடு கொட்டினார்கள். நான் தோழியின் அண்ணன்மாரைத் தேடினேன். அப்பா கார்களைப் பார்த்தார். பள்ளி வாசலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பென்ஸ் கார்கள், முகம் பார்க்கலாம் போல் துடைத்து மினுக்கியவை. அப்பாமார் தோல் மேலங்கியும் மினுங்கும் சப்பாத்துமாக இறங்கி, பிள்ளைகளின் புத்தகப் பையை வாங்கிக்கொண்டார்கள். அப்பாவின் வாயில் பிரெட்சல் நின்றுவிட்டது.

பிறகு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி மற்றப் பள்ளிக்குப் போனோம். அங்கே மாமா சொன்னது உண்மைதான். வைக்கோல் நிறத் தலைகள். ஆனால் கார் ஒன்றுகூட இல்லை. தாய்மாரும் தகப்பன்மாரும் துருப்பிடித்த சைக்கிள்களில் வந்தார்கள். முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டைகள். ஒரு பெண் இரண்டு கால்களுக்கும் இரண்டு நிறக் காலுறை போட்டிருந்தார். பிள்ளைகளின் காற்சட்டைகளில் ஒட்டுப் போட்டிருந்தது. அவர்களுக்கு நடுவில், உயரமான தாடிக்கார மனிதர் ஒருவர், முன்பக்கம் பெரிய மரப்பெட்டி பொருத்திய சைக்கிளில் வந்து, அந்தப் பெட்டிக்குள் தன் மகளைத் தூக்கி உட்கார்த்தினார்.

"பாவம்," என்றார் அப்பா.

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் இதே கண்கள்தான் இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பெட்டி கட்டிய சைக்கிளில் வருகிறவர் ஒன்றில் பாண் விற்பார், இல்லாவிட்டால் மீன் விற்பார். காரில் வருகிறவர் காசுக்காரர். ஒட்டுப் போட்ட உடுப்பு இல்லாமையின் உடுப்பு. இந்தக் கணக்கில் அப்பாவுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. திரும்பும் வழியில் பாலத்தில் நின்று, தனக்குள் பேசுவது போல் என்னிடம் சொன்னார்: "இஞ்ச காசு இருக்கு, ஜேர்மன் இல்லை. அங்க ஜேர்மன் இருக்கு, காசு இல்லை. கஷ்டப்பட்ட சனத்துக்குள்ள பிள்ளையை விட்டால் பிள்ளையும் கஷ்டப்படுமோ?"

அந்தப் பென்ஸ் கார்களுக்கு என்னைவிட வயது அதிகம் என்பதும், தவணைக்கு வாங்கி ஞாயிறு தோறும் வீதியோரத்தில் நின்று கையால் துடைத்தவை என்பதும் எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. கால்வாய்ப் பள்ளியின் வாசலில் நின்ற இரண்டு தாய்மார் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொன்னதும் நினைவிருக்கிறது. அப்பா அவர்களுடைய தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் எங்கள் தலைகளைப் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. நான் கால்வாய்க் கரையில் விழுந்து கிடந்த, தின்ன முடியாத கஷ்கொட்டைகளைப் பொறுக்கிச் சட்டைப் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். புதிதாகத் தோல் உரிந்தவை, பொலிஷ் போட்ட சப்பாத்து மாதிரி மினுங்கின.

அப்பாவால் ஒரு தடவையில் முடிவெடுக்க முடியவில்லை. அடுத்த திங்களும் போனோம். மழை. பெட்டிச் சைக்கிள்காரரின் சங்கிலி பாலத்தடியில் கழன்று கிடந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிரக் கை வைக்கத் தெரியவில்லை. அவருடைய மகள் பெட்டிக்குள் நனைந்த சட்டையோடு இருந்தாள். அப்பா தெருவைக் கடந்து போனார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார், ஒரு குச்சியால் சங்கிலியை ஏற்றினார், மிதியைச் சுற்றினார், முடிந்தது. தாடிக்காரர் அப்பாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அப்பா அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் அந்தப் பிள்ளையின் நனைந்த சட்டையைப் பற்றியே சொன்னார். பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து சின்னம்மா தன் பிள்ளைகளுக்கு அளவில்லாமல் போன உடுப்புகளை எனக்கு அனுப்புவார். அலுமாரி நிறைய இருந்தது. எனக்கு இன்னும் பெரிதாக இருந்த ஒரு மஞ்சள் குளிர்ச்சட்டையை அம்மா எடுத்தார். காற்சட்டைகள், கம்பளித் தொப்பி, மேலே ஒரு டப்பா நிறைய ரோல்ஸ். அடுத்த திங்கள் அப்பா அந்தப் பையைப் பள்ளி வாசலில் நீட்டியபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தாடிக்காரருக்கு இருக்கவில்லை. அவர் மஞ்சள் சட்டையை உயர்த்திப் பிடித்து, அருமை அருமை என்றார். அவருடைய மகள் அந்த இடத்திலேயே அதைப் போட்டுக்கொண்டாள். ரோல்ஸை அவர் அங்கேயே திறந்து, ஒன்றை வாய்க்குள் வைத்து, உறைப்பில் கண் கலங்கி, இன்னொன்றை எடுத்தார். பிறகு எங்களை ஞாயிறு பின்னேரம் கோப்பிக்கு வரச் சொன்னார்.

நாங்கள் குடும்பமாகப் போனோம். அம்மா சேலை கட்டிக்கொண்டார். கதவு திறந்ததும் அப்பாவின் முகம் இளகிவிட்டது. தரையில் விரிப்பு இல்லை, வெறும் பலகை. யன்னலுக்குத் திரை இல்லை. மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. ரீவி எங்கேயும் இல்லை. சுவர் முழுக்கப் பழைய புத்தகம். ஒரு மூலையில் பெரிய கறுப்புப் பியானோ நின்றது. முன்பு இருந்தவர்கள் தூக்க ஏலாமல் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று அப்பா என் காதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல், பின்னேரம் நாலு மணிக்கு மேசையில் இரண்டு மெழுகுதிரி எரிந்தது.

"கரண்டை வெட்டிப்போட்டாங்கள்," என்றார் அப்பா தமிழில், அம்மாவிடம், மிகுந்த துயரத்தோடு.

கேக்கில் சீனியே இல்லை. அதையும் அப்பா குறித்துக்கொண்டிருப்பார். தாடிக்காரரின் மனைவி அம்மாவைக் குசினிக்குக் கூட்டிப் போனார். அங்கே இருவரும் வெகுநேரம் நின்றார்கள். நானும் மஞ்சள் சட்டைக்காரியும் என் கஷ்கொட்டைகளைப் பலகைத் தரையில் உருட்டி விளையாடினோம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் குசினி ஜேர்மனில், தங்கள் உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் தேவை, முதலாளி நல்லவர், தான் சொன்னால் எடுப்பார் என்றார். தாடிக்காரர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, மிகவும் நன்றி, ஆனால் தனக்கு ஏற்கெனவே பிள்ளைகளோடு ஒரு வேலை இருக்கிறது, அதை விட மனமில்லை என்றார். பிள்ளை பார்க்கிற வேலை, அதில் என்ன வரும் என்று அப்பா வழியெல்லாம் கவலைப்பட்டார். கவலைப்பட்டார் என்று எழுதுகிறேனே தவிர, அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்த மாதம் தாடிக்காரரின் மனைவியும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கூப்பிட்டிருந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்த நாள். மஞ்சள் சட்டைக்காரி எங்கள் குசினிக் கதிரையில் அடக்கமாக உட்கார்ந்து வடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல். அம்மா கரண்டியை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினார். வெளிச்சுவரில் வாளி இடித்தது, டொக், டொக், டொக். யன்னலுக்கு வெளியே சிவப்பு வாளி இறங்கியது. உள்ளே ஆவி பறக்கும் ரொட்டி. மேலே நான்காம் மாடி யன்னலிலிருந்து என் தோழி தலைகீழாகத் தொங்காத குறையாக எட்டிப் பார்த்து, யார் அது என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு மஞ்சள் சட்டைக்காரியைக் கதிரையில் உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. தொப்பியை அனுப்பினாள். சப்பாத்தை அனுப்பினாள். மேலே ஓடிப்போய்த் தோழியோடு சேர்ந்து தானே வாளியை இறக்கினாள். மேல்வீட்டுப் பூனைக்குட்டியை அனுப்பலாமா என்று மேல்மாடியில் பேச்சு நடந்தபோதுதான் தாய்மார் தலையிட்டார்கள். போகும் நேரம் வந்ததும் படிக்கட்டுக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று தாய்மாரும் படிக்கட்டில் நின்று, மூன்று விதமான ஜேர்மனில், ஒருவர் சொல்வதை மற்றவர் முடித்து, எதையோ சிரித்துப் பேசிக்கொண்டார்கள். படிக்கட்டு முழுக்க எள் மணமும் கறி மணமும்.

ஆனால் குளிர்பெட்டிக்கு மேலே அன்ட்ராக் தாள் காத்துக்கொண்டிருந்தது. மாமா நிரப்பிக் கொடுத்துவிட்டார். கால்வாய்ப் பள்ளி வேண்டும் என்ற இடத்தில் அடையாளம் போட்டாயிற்று. அப்பாவின் கையெழுத்து மட்டும் மிச்சம். எத்தனை ஏழைகளாக இருந்தாலும் ஜேர்மன் ஜேர்மன்தான் என்று அவர் கடைசியில் முடிவுக்கு வந்திருந்தார். தோழி தன் யன்னல் பக்க இடத்தையே எனக்கு விட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதைவிடப் பெரிதாகத் தர அவளிடம் ஒன்றும் இல்லை.

கையெழுத்து வைப்பதற்கு முதல் பள்ளிக்கூட மருத்துவச் சோதனைக்கு டெர்மின் வந்தது. பள்ளியில் சேரும் எல்லாப் பிள்ளைகளையும் சுகாதார அலுவலகத்தில் ஒரு டொக்டர் பார்ப்பார். கண் பார்வை, காது கேட்பது, மொழி எல்லாம் சோதிப்பார். அது ஒரு திங்கட்கிழமை. அம்மா தனக்கு வேலை இருப்பதாகச் சொன்னார். அப்பா வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, என்னைக் கூட்டிப் போனார். மொழிபெயர்க்க மாமா வருவதாக இருந்தது, வரவில்லை. நீண்ட ஓடை போன்ற நடைபாதை, மெழுகிய தரை, ஈரக் கம்பளி மணம். கதவு திறந்தது. முழங்கையில் ஓட்டை விழுந்த அதே சட்டை, கழுத்தில் மட்டும் இதயத் துடிப்புக் கேட்கும் குழாய். எங்கள் பெட்டிச் சைக்கிள்காரர் நின்றார்.

அப்பா உள்ளே எட்டி, டொக்டர் எங்கே என்று தேடினார். பிறகு அவருக்கு விளங்கியது. அவர் முகத்தில் அந்த ஒரு நிமிடத்தில் ஓடியவற்றை எழுத எனக்குத் திறமை போதாது. உடுப்புப் பை, கோப்பை கழுவும் வேலை, மெழுகுதிரி, எல்லாம் வரிசையாக வந்து போயின.

டொக்டர் எதையும் கவனித்ததாகக் காட்டவில்லை. தன் சைக்கிள் சங்கிலியைக் காப்பாற்றிய மனிதர் இவர்தான் என்று தாதியிடம் அறிமுகப்படுத்தினார். ரோல்ஸ் பற்றியும் சொன்னார். என்னை ஒற்றைக்காலில் துள்ளச் சொன்னார், துள்ளினேன். ஓர் ஆளை வரையச் சொன்னார், வரைந்தேன். பிறகு படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். மரம், குடை, மீன். ஒரு படத்தில் வாளி இருந்தது. அவ்வளவுதான். வாளியின் நிறம், கயிறு, குழாயில் தட்டுவது, பூனைக்குட்டி விஷயம், மேல்வீட்டு ரொட்டி, நானும் தோழியும் ஒரே மேசையில் இருக்கப் போடும் திட்டம், அதை அப்பாவும் மாமாவும் கெடுக்கப் பார்ப்பது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஜேர்மனில் கொட்டினேன். தாதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

டொக்டர் அப்பாவிடம் திரும்பி, மொழியில் இவளுக்கு ஒரு குறையும் இல்லை, எங்கே இவ்வளவு நன்றாகப் பழகினாள் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் விரலை மேலே நீட்டி, "மேல்வீட்டில்" என்றேன்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று டொக்டர் கேட்டார். கால்வாய்ப் பள்ளி, ஜேர்மன் பிள்ளைகள், என்று அப்பா தட்டுத்தடுமாறினார். டொக்டரின் முகம் சுருங்கியது. மகள் இப்போது அந்தப் பள்ளியில், முதலாம் வகுப்புக்கு முந்திய தயார் வகுப்பில் இருப்பதாகவும், அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து வருவதால் தங்களுக்கு யோசனையாக இருந்ததாகவும், மகளோ வாளியைத் தவிர வேறு பேச்சில்லாமல் திரிவதாகவும், ஆகவே போன கிழமைதான் எங்கள் மூலைப் பள்ளிக்கூடத்துக்கு அன்ட்ராக் கொடுத்ததாகவும் சொன்னார். நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று நினைத்தோமே என்றார்.

திரும்பும் வழியில் அப்பா பாலம் வரைக்கும் விறுவிறென்று நடந்தார். பாலத்தின் நடுவில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அழுகிறாரோ என்று பயந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். "டொக்டரைக் கோப்பை கழுவக் கூப்பிட்டிருக்கிறன், பிள்ளை" என்று சொல்லி மறுபடி சிரித்தார். வாத்துகள்கூட விலகிப் போயின.

வீட்டில் அம்மா பருப்பு அரைத்துக்கொண்டிருந்தார். அப்பா கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "நாங்கள் அவையின்ர பிள்ளையளைத் தேடி அங்க போறம், அவை எங்கட பிள்ளையளைத் தேடி இஞ்ச வருகினம். பாலத்தில ஆளையாள் கண்டு கைகாட்டிப்போட்டுப் போகவேண்டியதுதான்."

அம்மா நிமிராமலே கேட்டார்: "அப்ப மூலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜேர்மன் பிள்ளை வருது. காணுமோ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம், காணும். ஒரு பிள்ளை போதும்," என்றார்.

அன்று பொரித்த வடையின் எண்ணெய் வடிய அம்மா ஒரு தாளைத் தேடினார். குழாயில் தட்டி வாளியை இறக்குவித்தேன். குளிர்பெட்டி மேல் இருந்த அன்ட்ராக்கை அப்பாவே எடுத்து வாளிக்குள் விரித்து, மேலே வடையை அடுக்கினார். நான் மறுபடி தட்டினேன். வாளி மேலே போனது. மேல்வீட்டில் என் தோழி போட்ட சத்தத்துக்கு முதலாம் மாடிப் பெண்மணி விளக்குமாற்றால் கூரையை இடித்தார்.

முதல் நாளை நீங்கள் எல்லோரும் படம் பிடித்து வைத்திருப்பீர்கள், கையில் நம்மைவிட உயரமான, பள்ளி தொடங்கும் பிள்ளைக்கு இங்கே தரும் இனிப்புக் கூம்போடு. எங்கள் படத்தில் ஒரு காரும் இருக்கிறது. மூலைப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாமார் காரில்தான் வருவார்கள் என்பதை அப்பா மறக்கவில்லை. மாமாவின் காரை இரவல் வாங்கித் துடைத்து மினுக்கி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்துக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனார். நிறுத்த இடம் கிடைக்காமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நடந்து வந்த மேல்வீட்டுக் குடும்பம் ஒவ்வொரு சுற்றிலும் எங்களுக்குக் கைகாட்டியது. கடைசியில் பெட்டிச் சைக்கிளும் வந்தது. ஆவணி வெயிலில் பெட்டிக்குள் மஞ்சள் குளிர்ச்சட்டையோடு, வேர்த்து விறுவிறுத்து அவள் உட்கார்ந்திருந்தாள். கழற்றமாட்டேன் என்று சண்டை பிடித்தாளாம். அப்பா அந்தச் சட்டையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தப் பள்ளியில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கூரை ஒழுகியது, ஆசிரியர்கள் வந்து வந்து போனார்கள், மஞ்சள் சட்டைக்காரி முதல் தவணையிலேயே அரபில் திட்டப் பழகிக்கொண்டாள். மேசைகள் இருவர் இருக்கும் மேசைகள். நாங்கள் மூவர் இருந்தோம். நான் நடுவில்.

வாளி எங்கே போனதென்று தெரியாது. வீடு மாறியபோது எங்கோ தொலைந்துவிட்டது. அம்மா டொக்டர் விஷயத்தை முதலிலேயே அறிந்திருந்தார் என்பதும் எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. என் மகளுக்குப் பள்ளி பார்க்கும் கவலையில், உங்கள் விவாதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றைக்குக் கோப்பி குடிக்கப் போனபோதே, தன் கணவர் டொக்டர் என்று அந்த மனைவி குசினியில் சொல்லிவிட்டாராம். மகளைப் பல மாதிரிப் பிள்ளைகளோடு விட ஆசை, ஆனால் ஒருவரையும் தெரியாத பள்ளியில் விடப் பயம் என்றும் சொன்னாராம். அவ்வளவு போதும் என்று அம்மா அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இந்த நாட்டுக்கு வந்த நாள் துடக்கம் கொப்பர் வாங்கின கைதான்," என்றார் அம்மா. "முகாமில தந்த சட்டை, தந்த சப்பாத்து, தந்த கட்டில். முதல்முதல் ஒரு ஜேர்மன்காரனுக்குக் குடுத்தது அந்தப் பைதான். ஆள் எப்பிடி நடந்து திரிஞ்சவர் எண்டு நீ பாத்தனிதானே. அதை நான் ஏன் கெடுக்க?"

அப்பா அடுத்த அறையில் பேத்தியோடு சைக்கிள் சங்கிலியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று அம்மா கடைக்குப் போய் ஒரு சிவப்பு வாளியும் கயிறும் வாங்கிக்கொண்டு வந்தார். என் மகளிடம் கொடுத்தார். எங்கள் வீடு தரைத்தளத்தில் இருப்பது அவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். "அம்மா, நாங்கள் கீழ்வீடு. இதை எங்க இறக்கிறது?" என்று கேட்டேன்.

"அப்ப கொண்டுபோய் மேல்வீட்டாரிட்டக் குடு," என்றார். "அவை இறக்கட்டும்."